ஒட்டுக்காப் பாடுங்க சாமி: கொங்கு நாட்டில் ஐந்து ராத்திரி

வியாழன் இரவு, பாளையங்கோட்டை

வேன் பத்து மணிக்கு என்றார்கள். பதினொன்றே காலுக்குக் கிளம்பினோம். கீபோர்டு ஸ்டாண்டு ஆலயத்துக்குள் இருந்தது, ஆலயச் சாவி ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இருந்தது, கோயில்பிள்ளை ஒரு கல்யாண வீட்டில் இருந்தார்.

எங்கள் சபையின் வாலிபர் பாடகர் குழுவில் 22 பேர். மே மாத லீவில் வருஷா வருஷம் எங்காவது பாடப் போவோம். நாசரேத், சாயர்புரம், நாகர்கோவில் என்று, காலையில் போனால் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுகிற தூரம்தான். இந்தத் தடவைதான் ஐந்து ராத்திரி வெளியே. தாராபுரம், திருப்பூர், கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம், ஈரோடு, கோயம்புத்தூர். லாட்ஜ் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் சபையார் வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்து விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு அதுதான் கவலை. "ஏட்டி, யார் வீடோ எவர் வீடோ, எந்திரிச்சதும் போர்வைய மடிச்சு வை" என்று வேன் கிளம்பும்வரை ஜன்னலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கும் வீடுகளுக்குக் கொடுக்க ஒரு சாக்கு கருப்பட்டியும் ஏற்றியிருக்கிறோம்.

நாலு குரலில் பாடுவோம்: பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். நான் ஆல்ட்டோ. நாங்கள் சரியாகப் பாடினால் யாருக்கும் தெரியாது, தப்பாகப் பாடினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

வெள்ளி, தாராபுரம்

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வேன் ஜன்னலில் காற்று அறைந்தது. விடியும்போது பார்த்தால் இரண்டு பக்கமும் வெட்டவெளி, அதில் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று என்று டிரைவர் அண்ணன் சொன்னார். ஆடியில் வந்தால் ஆளையே தூக்கும் என்றார். மே மாதக் காற்றே எங்களைத் தூக்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

இறங்கியதும் முதலில் கையில் கொடுத்தது ஒரு சொம்புத் தண்ணீர். வணக்கம், ஸ்தோத்திரம் எல்லாம் அப்புறம்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் இதே வரிசை. உட்காருமுன் சொம்பு வந்துவிடும், குடித்து முடிக்கும்வரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. எங்களைக் கூட்டிப்போன அக்கா தெருமுனையில் நின்றே வீட்டுக்குக் குரல் கொடுத்தார்: "ஒறம்பரை வந்துட்டாங்க!" விருந்தாளி என்றாலும் சொந்தக்காரர் என்றாலும் இங்கே ஒரே சொல்தான், ஒறம்பரை. நானும் என் சோப்ரானோ தோழியும் முழித்துக்கொண்டே உள்ளே போனோம்.

சாயங்காலம் ஆலய வளாகத்தில் திறந்தவெளி மேடை. இங்கே எங்கள் பாட்டுத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் ஐந்து கோடும் அதில் தொங்கும் முட்டைகளும் இருக்காது. டானிக் சொல்ஃபா. டோ, ரே, மி என்பதன் முதல் எழுத்துகளையும் நடுவில் புள்ளிகளையும் வைத்து எழுதுகிற முறை. இங்கிலாந்தில் நார்விச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை, ஜான் கர்வென் (1816–1880) என்ற போதகர் எடுத்து வளர்த்தார். ஐந்து கோடு படிக்கத் தெரியாதவர்களும் நாலு குரலில் பாடலாம் என்பதால் மிஷனரிகள் போன இடத்துக்கெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்திலேயே அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரில் அது இல்லாமல் கொயர் கிடையாது.

அது இல்லாவிட்டால் நாங்களும் கிடையாது என்பதைத் தாராபுரத்துக் காற்று கண்டுபிடித்துவிட்டது. இரண்டாம் பாட்டு தொடங்கி நாலு வரி ஆகியிருக்கும், டெனர் வரிசையில் ஒரு ஃபைல் திறந்துகொண்டது. தாள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேடையைத் தாண்டி, நாற்காலிகளைத் தாண்டிப் போயின. டெனர்கள் வாயைத் திறந்தபடி தாள் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பேஸ் மட்டும் ஒரு வரி தனியாகப் போய்விட்டு நின்றது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. பெரியவர் ஒருவர் செல்போன் விளக்கை வைத்துக்கொண்டு வெளியே போய், கிளுவை வேலியில் குத்தி நின்ற தாள்களைக் கிழியாமல் ஒவ்வொன்றாக எடுத்து, வரிசை மாறாமல் அடுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். கிளுவை முள் போட்ட ஓட்டை இன்னும் அந்தத் தாள்களில் இருக்கிறது. ஒன்றில் ஓட்டை சரியாக ஒரு 'ஃபா' மேல் விழுந்திருக்கிறது.

சனி, திருப்பூர்

நிகழ்ச்சி ஆறரைக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஆறரைக்கு ஆலயத்தில் இருந்தது நாங்கள் 22 பேர், ஆயர், ஆயரம்மா, ஸ்பீக்கர்காரர். நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டதைப் பார்த்து ஆயரம்மா சொன்னார்: "இன்னைக்குச் சனிக்கெழமைங்க. சம்பள நாளு. ஒன்றரை ஷிப்ட் முடிச்சு, சம்பளம் வாங்கிட்டுத்தான் வருவாங்க. இருங்க கண்ணு."

காலையிலிருந்து ராத்திரி எட்டரை வரை வேலை செய்தால் அது ஒன்றரை ஷிப்ட். பனியன் கம்பெனிகளில் நாளை அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒன்பது மணிக்குத்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சட்டையில் நூல் பிசிறு ஒட்டியபடி, கையில் காய்கறிப் பையோடு. பாதிப் பேர் வாயைத் திறந்ததும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது, எல்லாம் எங்கள் பக்கத்துப் பேச்சு. சாத்தான்குளம், திசையன்விளை, கோவில்பட்டி. ஓவர்லாக்கில் ஒருத்தர், செக்கிங்கில் ஒருத்தர், கட்டிங் மாஸ்டர் ஒருத்தர். வந்து பதினைந்து இருபது வருஷம் ஆகியும் 'ஏலே' போகவில்லை. பாடி முடிக்கும்போது பதினொன்று. ஒருவரும் நடுவில் எழுந்து போகவில்லை. ஒரு அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அவர் தூங்கியதைத்தான் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாராட்டாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் தங்கிய வீடு ஒரு படுக்கையறை வீடு. அந்த அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வீட்டுத் தம்பி எங்கே படுப்பான் என்று கேட்டதற்கு, "அவனுக்கு நைட்டு வேலைங்க" என்றார் அவன் அம்மா. விடிகாலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது மொட்டைமாடிப் படியில் பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் பாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நானும் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

கிளம்பும்போது ஆளுக்கு ஒரு பனியன். எல்லாம் எக்ஸ்போர்ட் சைஸ். ஒன்றிலேயே என்னைப் போல் இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம்.

ஞாயிறு, கோபி பக்கம்

நான் எழுத நினைத்த நாள் இதுதான். நேரமாகிவிட்டாலும் முழுதாக எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே வந்துவிட்டோம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்கிற பகுதி, பார்க்கிற இடமெல்லாம் பச்சை. தாராபுரத்துக் காய்ந்த வெளிக்குப் பிறகு கண்ணுக்கு அவ்வளவு இதம். கிராமத்து ஆலயம் சின்னது, மேலே சிமெண்ட் ஷீட், முப்பது குடும்பம் இருக்கலாம். ஆராதனையில் நாங்கள் இரண்டு பாட்டு தனியாகப் பாடினோம். அதுவரை ஒன்றும் வம்பில்லை. அப்புறம் சபையார் எல்லாரும் சேர்ந்து பாட ஒரு கீர்த்தனையை ஆயர் அறிவித்தார். தமிழ்நாட்டில் எந்த சபையிலும் மனப்பாடமாகத் தெரிந்த கீர்த்தனை. எதுவென்று சொன்னால் எந்த மெட்டு சரி என்று எங்கள் ஊரில் பஞ்சாயத்து கூடிவிடும், அதனால் சொல்லவில்லை.

பல்லவியில் முதல் வரி ஒன்றாகப் போனோம். இரண்டாம் வரியில் நாங்கள் மேலே ஏறினோம், சபையார் கீழே இறங்கினார்கள். கீபோர்டு தம்பி எங்கள் பக்கம், டோலக் வாசித்த பையன் அவர்கள் பக்கம். நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம். முன்வரிசையில் வெள்ளைச் சேலையில் கண்ணை மூடிக்கொண்டு பாடிய ஒரு ஆயா, தன்பாட்டுக்கு இன்னும் சத்தத்தைக் கூட்டினார். எங்களுக்கு ஆச்சி என்றால் இங்கே ஆயா. எண்பது வயது இருக்கும். அனுபல்லவிக்குள் கொயர் மாஸ்டர் அண்ணன் கையைத் தாழ்த்தி எங்களை அடக்கிவிட்டார். மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி எடுத்த 22 பேர், ஒரு ஆயாவுக்கும் ஒரு டோலக்குக்கும் வழிவிட்டு நின்றோம்.

கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகம், தாளம் போட்டிருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு வாய் வழியாகத்தான் வரும். அண்ணன் இன்னொன்றும் சொன்னார். எங்கள் பக்கம் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன்கள். கோவையில் 1830-ல் ஆடிஸ் என்ற மிஷனரி வந்து தொடங்கியது லண்டன் மிஷன். கரூர், தாராபுரம் பக்கம் வெஸ்லியன் மிஷன். ஒவ்வொரு மிஷன் பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொரு உபாத்தியாயர் பிடித்துக் கொடுத்த மெட்டுதான் அந்தந்தப் பக்கம் பரவியிருக்கும் என்பது அவர் கணிப்பு. 1947 செப்டம்பர் 27-ல் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. சபை சேர்ந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மெட்டு இன்னும் சேரவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாத்தான் பாடறீங்க சாமி. ஆனா நாலு பேரு நாலு தெசையில போறீங்களே. ஒட்டுக்காப் பாடுனா என்ன?"

ஒட்டுக்கா என்றால் ஒன்றாக, சேர்ந்து. நாலு பேரை நாலு திசையில் அனுப்பத்தான் அண்ணன் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்துவிட்டு, "நீங்க சொல்லிக் குடுங்க ஆயா" என்றார்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் ஜமக்காளம் விரித்துப் பந்தி. ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், தயிர். பாடுகிற நாட்களில் தயிர் தொடக்கூடாது என்பது அண்ணனின் சட்டம். அதைச் சொல்லிப் பார்த்தார். பரிமாறிய பெரியம்மா "தயிருச் சோறு திங்காம எந்திரிச்சா எலயில உக்காந்த மாதிரியாங் கண்ணு?" என்று அவர் தட்டில்தான் முதலில் ஊற்றினார். சட்டம் அத்தோடு முடிந்தது.

இலை என்று அவர் சொன்னது வாய் வழக்கம். சாப்பிட்டது எவர்சில்வர் தட்டில். கழுவப் போகும்போதுதான் தட்டைப் பார்த்தேன். விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது, பக்கத்தில் 'அன்பளிப்பு'. தோழியின் தட்டில் வேறு பெயர். அடுத்த தட்டில் இனிஷியல் மட்டும். அதற்கடுத்ததில் ஒரு காதுகுத்துத் தேதி. இருபத்திரண்டு தட்டும் ஒரு வீட்டுத் தட்டு இல்லை. ராத்திரி எங்கள் அறையில் வைத்த டேபிள் ஃபேனின் அடியிலும் பெயிண்டில் வேறு வீட்டு எழுத்து. காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா வந்தபோது, ஃபேனை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். அந்த வெக்கையில் அவர்கள் வீட்டுக் குழந்தை எப்படித் தூங்கியது என்று தெரியவில்லை.

சாயங்காலம் திண்ணையில் பாட்டு வகுப்பு. ஆயா பாட, அண்ணன் சொல்ஃபாவில் எழுதினார். எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தார். ஓர் இடத்தில் ஆயா குரல் மி-யிலும் நிற்கவில்லை, ஃபா-விலும் நிற்கவில்லை. நடுவில் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கு எழுத்து கிடையாது. "கொஞ்சம் மெதுவாப் பாடுங்க ஆயா" என்றார் அண்ணன்.

"மெதுவாப் பாடுனா மறந்து போயிருமுங்க" என்றார் ஆயா.

கடைசியில் அந்த இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வளைந்த கோடு போட்டு, மேலே 'ஆயா' என்று எழுதிவிட்டார். எங்கள் எல்லாருடைய தாளிலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

திங்கள், கோபி, அப்புறம் ஈரோடு

காலையில் சந்தகை. இடியாப்பத்துக்கு அண்ணன் தம்பி, ஆனால் வேலை வேறு. புழுங்கலரிசியை ஊற வைத்து ஆட்டி, இட்லி மாதிரி வேகவைத்து, அது சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும். ஆறினால் இறங்காது. முக்காலி மாதிரி இரும்புக் கால் வைத்த கருவி, மேலே நீளக் கைப்பிடி. "ஆம்பளப் பசங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள். எங்கள் பேஸ் அண்ணன் ஜிம்முக்குப் போகிறவர், தோளைக் குலுக்கிக்கொண்டு வந்து அமுக்கினார். கருவி மொத்தமாகச் சாய்ந்ததே தவிர, ஒரு நூல் இறங்கவில்லை. வீட்டுக்கார அக்கா ஒரு காலால் முக்காலியை மிதித்துக்கொண்டு, உடம்பு எடையை அப்படியே கைப்பிடியில் விட்டார். பூ மாதிரி இறங்கியது. தேங்காய்ப்பால், சர்க்கரை போட்டு ஒரு தட்டு, எலுமிச்சை தாளித்தது ஒரு தட்டு. நான் எத்தனை தட்டு சாப்பிட்டேன் என்பதை எழுதப்போவதில்லை, அம்மா படிப்பாள்.

கொடிவேரி அணைக்குப் போனோம். நல்ல கூட்டம். பவானி ஆற்றுத் தண்ணீர் கல்லணையில் வழிந்து விழுகிற இடத்தில் தலையைக் காட்டிவிட்டு வந்தோம். பொரித்த மீன் வாசனை ஆளை இழுத்தது, அண்ணன் விடவில்லை. தயிரில் இழந்த அதிகாரத்தை மீனில் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது அக்கா ஒரு தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்பு சாதம் என் மடியில் வைத்தார். நாங்கள் தூக்குச் சட்டி என்பதை இங்கே தூக்குப்போசி என்கிறார்கள். "வழியில பசிச்சாத் திங்கோணும் கண்ணு." கோபியிலிருந்து ஈரோடு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பசிக்கு அவகாசமே இல்லை. ஆனாலும் கவுந்தப்பாடி வருவதற்குள் போசி காலி.

ஈரோட்டில் சாலைப் பலகையில் மீனாட்சிசுந்தரனார் சாலை என்று இருந்தாலும், ஆட்டோக்காரர்களுக்கு அது பிரப் ரோடுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த லண்டன் மிஷன் போதகர் பிரப் பெயரில் அங்கே நிற்கிறது பிரப் நினைவு ஆலயம். 1930-களின் தொடக்கத்தில் முடிந்த கட்டடம். இந்தோ-சாரசனிக் பாணி, தூரத்திலிருந்து பார்த்தால் அரண்மனையா என்று கேட்கத் தோன்றும். உள்ளே போய்ச் சும்மா நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தோம்.

எங்கள் நிகழ்ச்சி ஊருக்குள் வேறு ஓர் ஆலயத்தில். கடைசிப் பாட்டாக ஆயாவின் மெட்டில் அந்தக் கீர்த்தனை. நாலு குரல் வேண்டாம், ஒட்டுக்கா என்றார் அண்ணன். பல்லவி, இரண்டு சரணம் அழகாகப் போனது. மூன்றாம் சரணத்தில் ஒரு டெனர் பழக்க தோஷத்தில் பாளையங்கோட்டைக்கு ஏறிவிட்டான். சபையார் ஆயா பக்கமே இருந்ததால் அவன் தானாக இறங்கி வந்தான்.

செவ்வாய், கோயம்புத்தூர்

நிகழ்ச்சி நன்றாக நடந்தது. பெரிய ஆலயம், நல்ல மைக், நேரத்துக்கு ஆரம்பித்து நேரத்துக்கு முடிந்தது, தாள் எதுவும் பறக்கவில்லை. அதனால் எழுத ஒன்றும் இல்லை.

ஆண்பிள்ளைகள் சார்பில் ஒரு புகாரை மட்டும் பதிவு செய்யச் சொன்னார்கள். வந்த வழியில் ஓர் ஊரில் அவர்களுக்கு வீடு ஒதுக்க மறந்துவிட்டார்கள். ஃபேன் ஓடாத ஹாலில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறார்கள். கொசு சோப்ரானோ பாடியது என்றார் பேஸ் அண்ணன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அந்த ஊர்க் கமிட்டிப் பெரியவரே காலையில் தெரிந்து பதறிப்போய், எல்லாரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். மே மாதத்தில் வெந்நீர். குளித்தார்களாம்.

புதன், பாளையங்கோட்டை

சாமான்களை இறக்கும்போது என் பையில் தூக்குப்போசி. திருப்பிக் கொடுக்க மறந்து, ஈரோடு, கோவை எல்லாம் என்னோடு சுற்றிவிட்டு வந்திருக்கிறது. அம்மா புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தபோது அடியில் இரண்டு எழுத்து தெரிந்தது: 'மு.செ.' அந்த அக்கா வீட்டு எழுத்து அது இல்லை என்று எனக்குத் தெரியும். போன் போட்டேன்.

"அது எங்களுது இல்லீங் கண்ணு, பால் ஊத்தற அக்கா வூட்டுது. அவசரமில்ல. அடுத்த வருசம் வாரப்போ கொண்டாங்க" என்றார். ஆயாவிடம் போனைக் கொடுத்தார். ஆயா போனைக் காதில் வைத்துக்கொள்ளாமல் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போனதற்கு என்னைத் திட்டினார். ஒறம்பரை யாராவது போர்வை மடிப்பார்களா என்று கேட்டார்.

அடுத்த வருஷம்வரை வைத்துக்கொள்வதாவது என்றாள் அம்மா. அடுத்த வாரம் சித்தப்பா ஈரோட்டுக்கு லாரியில் போகிறார், கொடுத்தனுப்பலாம். ஆனால் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. சாக்கில் மிஞ்சிய கருப்பட்டியை எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆறு போகிறது. ஏழாவதை வைத்தால் மூடி நிற்கவில்லை. ஏழாவதை உடைக்க அம்மிக்கல்லைத் தேடிப் போயிருக்கிறாள்.